கண் முகாம் பட்டியலில் அம்மா பெயர் இல்லை

மதுரையில் ஓர் இரும்புக்கடையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பற்று வரவில் பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற ஆள். அப்படிப்பட்டவன், ஊழியம் என்று நினைத்து இரண்டு வருடம் ஓடியதில் 1,58,500 ரூபாயை விட்டேன். அதுகூடப் போகட்டும், அம்மாவின் வலது கண் பார்வையும் போய்விட்டது. பணத்தைச் சம்பாதித்து ஈடுகட்டிவிட்டேன். கண்ணுக்கு அப்படி வழியில்லை. சபையில் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் "நல்லது செய்யப் போய்த்தானே" என்று ஆறுதல் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். என்னை மாதிரியே யாராவது இப்போது ஓடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆரம்பம் 2021, கொரோனா இரண்டாம் அலை. எங்கள் தெருவில் சபை மூப்பர் ஒருவருக்கு மூச்சுத் திணறல். பிள்ளைகள் வெளியூரில். நான்தான் ஆட்டோ பிடித்து, மூன்று ஆஸ்பத்திரி அலைந்து, நான்காவதில் படுக்கை கிடைத்து, பன்னிரண்டு நாள் வெளியே மரத்தடியில் காத்திருந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அது நான் செய்திருக்க வேண்டியதுதான், இன்றைக்கும் வருத்தமில்லை. கோயில், அதாவது எங்கள் சர்ச், திறந்ததும் ஐயர், எங்கள் சபைப் போதகர், பலிபீடத்துப் பக்கம் நின்று அறிவிப்பு வாசிக்கும்போது என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார். சபை திரும்பிப் பார்த்தது. நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒரு கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை, தாழ்மையாக இருப்பதாகவே நினைத்தேன்.

அப்புறம் போன் நிற்கவில்லை. ஸ்கேன் எங்கே குறைவு, ரத்தம் யாரிடம் கேட்கலாம், டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் நான். சபையில் எனக்கு "ஆஸ்பத்திரி தம்பி" என்றே பெயர் விழுந்துவிட்டது. கடையில் லீவு தீர்ந்து, 2022இல் மட்டும் 23 நாள் சம்பளம் பிடித்தார் அண்ணாச்சி. நாள் 700 ரூபாய், ஆக 16,100. அவரைக் குறை சொல்ல முடியாது, ஜிஎஸ்டி கட்டுகிற வாரத்தில்கூடப் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். வீட்டில் மனைவி ஒரு நாள், "ஏங்க, நம்ம பிள்ளைக்கு காய்ச்சல்னாலும் சபை ஆபீசுக்குப் போன் போட்டுத்தான் உங்களைப் பிடிக்கணுமா?" என்று கேட்டாள். சிரித்தபடிதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. "ஆத்தும பாரம் இல்லாதவ" என்று மனசுக்குள் ஒரு முத்திரை குத்திவிட்டுக் கிளம்பிப் போனேன்.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். 2015இல் அப்பா இறந்த பிறகும் மாட்டையும் கோழியையும் விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். 2021 அக்டோபரில் போனில் சொன்னார்: "அய்யா, வேதத்தை எடுத்தா எழுத்து எறும்பு மாதிரி ஊருது. கண்ணுக்குள்ள புகை போட்ட மாதிரி இருக்கு." நான் அரை நிமிடத்தில் மருத்துவனாகிவிட்டேன். "புரைம்மா அது. வயசானா வரும். நல்லா முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கிரலாம்." முத்தட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு, இப்போதைய சிகிச்சைக்குப் புரை முத்தக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

மூன்று முறை நாள் குறித்தேன். முதல் முறை, சபையில் ஒருவருக்கு டயாலிசிஸுக்கு ஆள் வேண்டும் என்று தள்ளிப்போனது. இரண்டாம் முறை அறுப்பின் பண்டிகை. ஏலத்துக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை என்றார்கள். பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போன கணக்கை எழுதுவதற்காக அம்மாவை அரப்பாளையம் பஸ் ஏறவேண்டாம் என்று சொன்னேன். மூன்றாவதைக் கீழே சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மா சொன்ன பதில் ஒன்றுதான்: "கர்த்தர் வேலையப் பாரு அய்யா, எனக்கென்ன அவசரம்." அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நம் அம்மாக்கள் "அவசரமில்லை" என்றால் அதற்கு என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் பிறந்தவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, இருந்தும்.

2022 ஜூலையில் எங்கள் கோயில் வளாகத்தில் கண் முகாம் போட்டோம். முகாமுக்கு வந்தது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, மதுரைக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. முகாமில் புரை என்று கண்டுபிடித்தால் வண்டி, சாப்பாடு, ஆபரேஷன், லென்ஸ் எதற்கும் காசு வாங்காமல் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். பெயர் எழுதுகிற மேஜையில் நான். அன்றைக்கு 31 பேரை பஸ்ஸில் ஏற்றினோம். ஒவ்வொருவர் பெயரையும் வயதையும் ஊரையும் நீல மை பேனாவால் வரிசையாக எழுதியிருக்கிறேன். பதினான்காவது பெயர், செக்கானூரணியிலிருந்து வந்த ஓர் அம்மா, 68 வயது. அம்மாவுக்கும் அப்போது 68. எழுதும்போது உறைக்கவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

செப்டம்பரில்தான் பணத்தில் மாட்டினேன். சபைக்குப் புதிதாக வந்த ஒரு சுமைத் தொழிலாளி லாரியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பில் 2,80,000 என்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் என் ஜிபே நம்பரையே போட்டேன். மூன்று நாளில் 1,62,000 வந்தது. மீதி 1,18,000க்கு ஜெபம் பண்ணினேன், பதில் வரவில்லை. அல்லது வந்த பதிலை நான் கேட்கவில்லை. மனைவியின் நான்கு பவுன் வளையலை 90,000க்கு அடகு வைத்து, கையிலிருந்த 28,000ஐயும் போட்டுக் கட்டினேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் குறித்த மூன்றாவது நாள் இந்த வாரத்தில்தான் வந்தது. அந்த 28,000 அம்மாவின் கண்ணுக்கென்று எடுத்து வைத்திருந்தது.

வளையலைக் கேட்டபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "விசுவாசத்தில் செய்கிறோம்" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

கட்டிமுடித்த பிறகுதான் வெளிக்கு வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை உண்டு. வருட வருமானம் 1,20,000க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் பதிந்தால் அட்டை. அந்த மனிதருக்கு அந்தத் தகுதி எல்லாமே இருந்தது. ஆனால் அது ரொக்கமில்லாத் திட்டம். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், கட்டிய பணத்தைத் திருப்பித் தராது. அதுவும் இல்லையென்றால் பெரியாஸ்பத்திரி இருந்தது, எலும்பு முறிவு அங்கே அன்றாடம் பார்க்கிற கேஸ். நாலு பேரிடம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, காரியத்தை முடித்துக் கொடுத்தவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் யாருக்காவது ஓடுகிறவராக இருந்தால், வசூல் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா? இந்த ஆஸ்பத்திரியும் இந்தச் சிகிச்சையும் அதில் வருமா? நோயாளியை அசைக்கக்கூடிய நிலையில் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா? பாதி வசூல் இந்த மூன்றிலேயே தேவையில்லாமல் போய்விடும்.

அடுத்தது கணக்கு. நவம்பரில் சபைக் குழுவில் ஒருவர், "தம்பி, மொத்தம் எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வளையலை அடகு வைத்தவனிடமா கேட்கிறீர்கள் என்று கத்திவிட்டு வந்தேன். அன்று ராத்திரி பாங்க் ஸ்டேட்மெண்டைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் பதினொரு பக்கம். சம்பளம், பால்காரர், பிள்ளை பீஸ், காணிக்கை, பெட்ரோல் எல்லாம் ஒரே கணக்கில் பிசைந்து கிடக்கிறது. அந்த வருடம் முழுக்க வெவ்வேறு நோயாளிகளுக்கு வந்ததையும் போனதையும் பிரித்து எழுதினால் 6,400 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை. எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. கையிலிருந்து கட்டி நேர்செய்தேன். கணக்கு எழுதுகிறவன் கணக்கில் மாட்டிக்கொண்டது ஊருக்கெல்லாம் சிரிப்பு. கடை ஆடிட்டர் இன்னொரு குண்டைப் போட்டார். சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் 50,000க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது முழுவதும் வாங்கினவனுடைய வருமானமாகக் கணக்காகுமாம். யாருக்கு வந்தது, எங்கே போனது என்று காட்ட ரசீது வைத்திருக்கிறாயா என்று கேட்டார். பாதிக்கு இருந்தது.

பவுல் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வராதபடி பார்த்துக்கொள்கிறோம் என்கிறார் (2 கொரிந்தியர் 8). கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதும் என்று அவரே நினைக்கவில்லை, நான் நினைத்தேன். இப்போது எங்கள் சபையில் உதவிப் பணம் யார் தனிக்கணக்குக்கும் போகாது. கொடுக்கிறவர்கள் நேராக ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டி ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும், இல்லையென்றால் சபைக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. கணக்குக் கேட்ட அந்தப் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார், அதைப் பற்றிப் பேசவே இல்லை.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா எனக்குச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினார். குழம்பு தட்டுக்கு வெளியே, வலது பக்கம் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்ததும்தான் நிறுத்தினார். நிலைப்படியில் இடித்துக்கொண்டதாகத் தோளில் ஒரு பழைய காயம் வேறு. திங்கட்கிழமை கடைக்குப் போன் போட்டேன், போனை அணைத்தேன், மதுரைக்குக் கூட்டி வந்தேன்.

புரை இருந்தது உண்மைதான். புகை அதனால் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் குளுக்கோமா இருந்திருக்கிறது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போவது. பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வை முதலில் போவதால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை எந்த ஆபரேஷனிலும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, லேசர், அறுவை எல்லாம். பார்வைப் பரப்பு பரிசோதனை என்று ஒன்று. இருட்டறையில் ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இடது கண்ணுக்குப் பொத்தான் சத்தம் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வலது கண்ணுக்கு மாற்றினார்கள். டக். அப்புறம் ஒன்றுமில்லை. கருவி ஓடுகிற சத்தம் மட்டும். உள்ளே அந்தப் பெண், "அம்மா, வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்க" என்கிறார். அம்மா, "தெரிஞ்சா அமுக்க மாட்டனா தாயி" என்கிறார். வெளியே வந்த தாளில் வலது கண் படம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு.

டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவர். எப்போதிலிருந்து தொந்தரவு என்றார். ஒன்றரை வருடம் என்றேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் பாருங்கள், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம் என்றார். பார்த்தோம், தங்கைக்கு அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, மருந்து ஆரம்பித்துவிட்டாள். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வராமல், கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலை.

அந்த வருடம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், அம்மா என் வீட்டில் இல்லை, மாடு சினையாக இருக்கிறது என்று ஊருக்குப் போய்விட்டார். வேதத்தின் எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் ராத்திரி போனில் நான் ஓர் அதிகாரம் வாசிக்கவேண்டும் என்று ஏற்பாடு. மாற்கு எடுத்தோம். முதல் அதிகாரத்திலேயே ஓர் இடம். இயேசு விடியற்காலையில் தனியாகப் போய் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். சீமோன் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். கப்பர்நகூமில் வாசல் நிறைய நோயாளிகள். அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறார். நானாக இருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்பேன். ஏழாம் அதிகாரம் வந்தது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விடுகிறவர்களை இயேசு பிடித்து உலுக்குகிற இடம். பாதியில் எனக்குக் குரல் வரவில்லை. "என்னய்யா, நெட்வொர்க் போச்சா?" என்றார் அம்மா. ஆமாம்மா என்றேன்.

நான் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிற வசனம் எபேசியர் 2. கிருபையினாலே இரட்சிப்பு, கிரியையினால் அல்ல, பெருமைபாராட்ட இடமில்லை. ஞாயிறு பள்ளியில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அடுத்த வசனம், பத்தாவது, நற்கிரியைகளைத் தேவன் முன்னதாகவே ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார் என்கிறது. அவர் எனக்கென்று வைத்திருந்த காரியம் உசிலம்பட்டிப் பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு, என் போனுக்கு வருவதெல்லாம் பரலோகத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டேன். நல்ல சமாரியன்கூட, காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து ஒரு ராத்திரி பார்த்துவிட்டு, மறுநாள் சத்திரத்தான் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போகிறான். மீதியைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். இதை எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், அவன் கிளம்பிப் போனான் என்பதை மட்டும் கவனித்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை விட்டுவிடவில்லை. மாதத்துக்கு இரண்டு கேஸ், அதற்கு மேல் வந்தால் சபையில் இப்போது நான்கு பேர் இருக்கிறோம், பிரித்துக்கொள்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உயிர்போகிற காரியம் என்றால்தான் போன். அடகு, கடன், ஜாமீன் கையெழுத்து மூன்றும் கிடையாது. முடியாது என்று சொல்ல ஆரம்பித்த முதல் மாதம் இரண்டு பேர் பேசுவதை நிறுத்தினார்கள், ஒருவர் இன்னும் பேசவில்லை. வளையலை 2024 மே மாதம் மீட்டேன். இருபது மாத வட்டி 18,000. மனைவி வாங்கிப் பீரோவில் வைத்தாள், இதுவரை போடவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, பெரிய எழுத்து வேதத்தை ஜன்னலோரம் வைத்து அவரே வாசிக்கிறார். மாட்டை விற்று எங்களோடு வந்துவிட்டார். தினமும் இரண்டு வகைச் சொட்டு மருந்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து நிமிட இடைவெளி. ஒரு நாள்கூட விடக்கூடாது, ஆயுள் முழுக்க. மாதம் 600 ரூபாய் போல ஆகிறது.

போன மாதம் மறுபடியும் கோயில் வளாகத்தில் கண் முகாம். பெயர் எழுதும் மேஜையில் வேறு ஒரு பையன். அம்மா வரிசை ஆரம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "புரைன்னு மட்டும் சொல்லி வந்துராதீங்க, அழுத்தத்தையும் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு ஒரு பாட்டி ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, பிரஷர் பார்ப்பதற்காக அம்மா முன்னால் கையை நீட்டினார்.